செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நம் நாணயச் சங்கத்தின் மாதக் கூட்டம் பத்து நடந்தது. ஆடிப்பெருக்கு அன்று நாணயக் கண்காட்சி வைத்தோம். பள்ளி மாணவர்களுக்கு வழக்கம்போல் ஒரு வகுப்பு எடுத்தோம்.

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைச் சத்தத்தால் காட்டும் மெட்டல் டிடெக்டர் கருவியோடு கடற்கரையில் தேடும் பயிற்சி பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். "கொங்கு நாட்டுக்காரங்களுக்குக் கடற்கரையில என்ன வேலை?" என்று போன பொதுக்குழுவில் கேட்டார்கள். நம் ஊர்ப் பக்கம் கருவியை வைக்கக் கூடாத இடம் அதிகம் என்பதுதான் பதில். அகழாய்வு நடந்த கொடுமணல் போன்ற பழைய ஊரில் ஒரு காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் காலம் இருக்கிறது. நாம் தோண்டி எடுத்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஜனங்கள் குளிக்கும் கடற்கரையில் நாம் தேடுவது போன வாரம் தவறிய காசும் கொலுசும் மோதிரமும்தான். அங்கேயும் முதலில் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டே இறங்க வேண்டும். நகை கிடைத்தால் அங்கேயே ஒப்படைக்க வேண்டும்.

தை மாதம் ஓர் உறுப்பினரின் தோட்டத்தில் பயிற்சிக் குழி போட்டோம். சிமெண்ட் தொட்டிக்குள் கம்பி இருக்கும் என்பதால் அது ஆகாது. நம் செம்மண்ணில் இரும்பு கலந்திருப்பதால் வெறும் நிலமும் ஆகாது. ஆறடிக்கு மூன்றடி, ஒன்றரை அடி ஆழம் வெட்டி ஆற்று மணல் நிரப்பினோம். மஞ்சள் ஐந்து ரூபாய், ஒரு ரூபாய், வெள்ளி மோதிரம், சோடா மூடி, சிகரெட் ஃபாயில் எல்லாவற்றையும் இரண்டு, நான்கு, ஆறு அங்குலத்தில் புதைத்தோம்.

இங்கே முக்கியமாக ஒன்று தெரிந்தது. வெளிநாட்டு வீடியோ பார்த்து இரும்பைத் தள்ளும்படி, அதாவது இரும்புக்குச் சத்தம் போடாதபடி, கருவியை வைக்கிறோம். நம்முடைய ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் காந்தத்தில் ஒட்டும் எஃகு. கருவி அவற்றையும் ஆணியோடு சேர்த்துத் தள்ளிவிடும், அல்லது என்ன உலோகம் என்று திரையில் காட்டும் எண் நிலையில்லாமல் துள்ளும். ஃபாயிலைத் தள்ளினால் மெல்லிய தங்க மோதிரமும் கூடவே போகும். ஆகவே, தொடக்கத்தில் எதையும் தள்ளாமல் எல்லாக் குறியையும் தோண்டிப் பழக வேண்டும்.

அடுத்து இருபது லிட்டர் தண்ணீரில் 700 கிராம் கல் உப்பு கரைத்து மணலில் ஊற்றினோம். அதுவரை அமைதியாக இருந்த சங்கத்தின் கருவி ஓயாமல் கத்தியது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அலைவரிசைக் கருவி அதையும் உலோகம் என்றே எடுத்துக்கொள்ளும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்து, காயிலை, அதாவது தரையை ஒட்டிப் பிடிக்கும் வட்டத் தட்டை, மேலும் கீழும் ஆட்டி மண்ணுக்குச் சரிசெய்தால் சத்தம் அடங்கும், ஆனால் ஆழம் போய்விடும். பல அலைவரிசைக் கருவிதான் ஈர மணலுக்குச் சரி. மின் துடிப்பை விட்டுத் தேடும் பல்ஸ் வகை இன்னும் ஆழம் போகும் என்றாலும், இரும்பைப் பிரித்துக் காட்டாமல் ஒவ்வொரு துருப்பிடித்த ஆணிக்கும் தோண்ட வைக்கும்.

மாசி அமாவாசையை ஒட்டி வேளாங்கண்ணி போனோம். அமாவாசை, பௌர்ணமியில்தான் கடல் அதிகம் உள்வாங்கும். நம் கிழக்குக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். ஈரப் பட்டை குறுகலானது. எனவே நீர் முழுதாக இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கி, அதன் பின்னாலேயே போக வேண்டும். மறுநாள் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். காயில் மணலுக்கு இரண்டு அங்குலம் மேலே, வீச்சின் இரு முனையிலும் தூக்காமல் போக வேண்டும். ஒரு வீச்சு முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். காயில் வயர் தண்டில் தளர்ந்து ஆடினாலே பொய்க்குறி வரும். குறுக்கே திரும்பி வீசியும் அதே இடத்தில் சத்தம் வந்தால் தோண்டலாம். குழியை மூடாமல் நகரக் கூடாது. திரும்பியதும் காயில் உறையைக் கழற்றி நல்ல தண்ணீரில் மணல் போகக் கழுவ வேண்டும். மேலே உள்ள பெட்டியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பெயர் கொடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர், வந்தவர்கள் ஒன்பது பேர். வேன் வாடகை இருபத்திரண்டு பேருக்கானது. முந்தைய நாள் ஒரு போன் செய்திருந்தால் சின்ன வண்டி பேசியிருப்போம். வராதவர்களில் ஆறு பேருக்கு இரண்டாண்டுச் சந்தாவும் பாக்கி. வந்த ஒன்பது பேரும் ஒரே கருவிக்காக வரிசையில் நிற்கும்போதே தண்ணீர் ஏறிவிட்டது. இது எனக்கு மிகுந்த வருத்தம்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. விவரத்தைப் பொருளாளர் வைப்பார். தோட்டம் தந்த உறுப்பினருக்கும், மணல் இறக்கித் தந்தவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டு பல அலைவரிசைக் கருவி ஒன்று வாங்கச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. பாக்கிச் சந்தா முழுதும் வந்தால் அதில் பெரும்பகுதி தேறும். ஆடிக்குள் கட்டிவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு வேன் பங்கைக் கட்டியவர்களின் பெயரை மட்டுமே எழுதிக்கொள்வேன்.

இப்படிக்கு,
செயலாளர்