தற்காலிகப் பாதுகாப்பு அறிவிப்பும் அதற்குள் இருக்கும் தேதிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர் நடக்கும் ஒரு நாட்டின் மக்களுக்கு, அமெரிக்காவில் ஏற்கெனவே இருப்பவர்களைக் கொஞ்ச காலம் திருப்பி அனுப்பாமல் வேலை செய்ய விடும் தற்காலிகப் பாதுகாப்பை அந்நாடு அறிவித்தால் தமிழ் நாளிதழ்களில் அது செய்தியாகிறது. நீக்கினாலும் செய்தியாகிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த மக்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யத் தவறினால் பாதுகாப்பு கைநழுவிப் போகும் என்பது மட்டும் வருவதே இல்லை. அரசு அறிவித்துவிட்டது, இனி பயமில்லை என்று நம்பி விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு உதவும் தமிழர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர் இருப்பதால் இதை எழுதுகிறோம்.

நம்மவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமில்லாததற்குக் காரணம் இருக்கிறது. டி.பி.எஸ். என்று சொல்லப்படும் இந்தப் பாதுகாப்பு 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இலங்கைப் போர் அதன் பிறகும் 2009 வரை நீடித்தது. இலங்கைக்கு மட்டும் இந்த அறிவிப்பு ஒருமுறைகூட வரவில்லை. அங்கிருந்து போன தமிழர்கள் தஞ்சக் கோரிக்கை வழியாகவே போராட வேண்டியிருந்தது. அதனால் இன்றும் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

இரண்டும் வேறு வேறு. தஞ்சம் பெற, 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் பேரில் துன்புறுத்தல் இருக்க வேண்டும். ஊர் முழுக்க குண்டு விழுகிறது என்பது மட்டும் அதற்குப் போதாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் டி.பி.எஸ். வந்தது. இதில் 'உன்னை ஏன் துரத்தினார்கள்' என்ற கேள்வி கிடையாது. எந்த நாட்டவர், எந்தத் தேதியிலிருந்து அமெரிக்காவில் இருக்கிறார், அவர்மேல் குற்றத் தீர்ப்பு உண்டா என்பவைதான் கேள்விகள். பெருங்குற்றம் ஒன்றோ, சிறு குற்றங்கள் இரண்டோ இருந்தால் தகுதி போய்விடும்.

தேதிகளில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். உக்ரைனுக்கு 2023-இல் வந்த மறு அறிவிப்பையே பார்ப்போம். விண்ணப்பிப்பவர் 2023 ஆகஸ்ட் 16 முதல் அமெரிக்காவில் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு நடைமுறைக்கு வந்த அக்டோபர் 20 முதல் நேரில் இருந்திருக்கவும் வேண்டும். ஆகஸ்ட் 17 அன்று விமானத்தில் வந்து இறங்கியவர் அக்டோபர் 20 அன்று அங்கேயே இருந்தாலும் தகுதியில்லை. ஒரே கட்டடத்தில் இருந்து, ஒரே மாதத்தில் கிளம்பிய இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குப் பாதுகாப்பு கிடைக்கும், மற்றதற்குக் கிடைக்காது. செய்தியில் 'உக்ரைனியர்களுக்குப் பாதுகாப்பு' என்று மட்டும் போட்டால் இது தெரியாது.

மூன்றாவது தேதி, பதிவுக்கான கடைசி நாள். முதல் பதிவுக்குக் குறைந்தது 180 நாள் தர வேண்டும் என்பது சட்டம். நீட்டிப்பு வந்தால் ஏற்கெனவே பெற்றவர்கள் மறுபதிவு செய்யப் பெரும்பாலும் 60 நாள்தான். பாதுகாப்பு தானாக நீளும் என்று இருந்துவிட்டு, தக்க காரணமில்லாமல் மறுபதிவைத் தவறவிட்டால் அதையே காரணமாக்கிப் பாதுகாப்பை ரத்து செய்யலாம். முதல் பதிவைத் தவறவிட்டவர்களுக்கும் ஒரு சிறிய வாசல் உண்டு. அந்தப் பதிவுக் காலத்தில் மாணவர் விசா போன்ற செல்லுபடியாகும் விசாவில் இருந்தவர்களும், தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருந்தவர்களும் அந்த நிலை முடிந்த 60 நாளுக்குள் தாமதப் பதிவு செய்யலாம். இதை அறியாமல் 'நாள் முடிந்துவிட்டது' என்று கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

பதிவுக்கான படிவம் ஐ-821. வேலை அனுமதி வேண்டுமானால் ஐ-765 தனி. கணவன் விண்ணப்பித்தால் மனைவி மக்களுக்கும் சேர்த்து ஆகும் என்று நினைப்பது பெரிய தவறு. தஞ்சக் கோரிக்கையில் மனைவியையும் 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளையும் சேர்க்கலாம், டி.பி.எஸ்.-இல் கைக்குழந்தைக்குக்கூடத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். முன்பு 50 டாலராக இருந்த பதிவுக் கட்டணத்தை 2025 ஜூலையில் வந்த சட்டம் 500 டாலராக்கியது. அந்தத் தொகைக்கு விலக்கும் கிடையாது. தாளில் அனுப்பும் விண்ணப்பங்களோடு காசோலை, மணி ஆர்டர் வைப்பதும் 2025 அக்டோபர் கடைசியோடு பொதுவாக நின்றுவிட்டது. கார்டு அல்லது வங்கிக் கணக்கு வழியாகத்தான் கட்ட வேண்டும். பழைய பழக்கத்தில் காசோலை வைத்தால் கட்டு அப்படியே திரும்பி வரும். அதற்குள் கடைசி நாள் போயிருக்கும்.

குடியிருந்ததற்கான சான்றுகளை மாதவாரியாக அடுக்கிப் பார்ப்பது நல்லது. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, குழந்தையின் பள்ளிப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எதுவும் உதவும். உறவினர் வீட்டில் தங்குபவர் பெயரில் ரசீது இருக்காது. அந்த மாதங்களுக்கு வீட்டுக்காரரிடம் கையெழுத்திட்ட வாக்குமூலமும், அந்த முகவரிக்கு வந்த ஏதாவது கடிதமும் சேர்க்க வேண்டும். ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு ஆவணத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு தேவை, சுருக்கம் எடுபடாது. மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். நோட்டரி முத்திரை வேண்டும் என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களை நம்ப வேண்டாம்.

மொழிபெயர்ப்பில் மிகச் சிறிய விஷயம் ஒன்று பெரிய சேதம் செய்கிறது. பல நாடுகளின் சான்றிதழ்களில் முதலில் நாள், பிறகு மாதம். அமெரிக்கப் படிவத்தில் முதலில் மாதம். 05/09/1988 என்பதை அப்படியே எழுதினால் செப்டம்பர் 5-இல் பிறந்தவர் மே 9-இல் பிறந்தவராகிவிடுவார். பிறகு தஞ்சக் கோரிக்கையில் சரியான தேதி வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரி இதில் எது உண்மை என்று கேட்பார். மொழிபெயர்ப்பில் மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பர்மா, ஆப்கானிஸ்தான் மக்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். ஒன்றில் அப்பா பெயரைச் சேர்த்து மற்றொன்றில் விட்டால் கோப்பு இரண்டாகப் பிரிந்துவிடக்கூடும்.

வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். குடியேற்ற நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் அங்கே வேறு படிவம். அதற்கு 5 வேலை நாள்தான். ஓரிடத்தில் சொன்னது மற்ற இடத்துக்குப் போகாது. கைரேகைக்கான அழைப்பு பழைய முகவரிக்குப் போய், ஆள் வராததால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக மூடப்படுவது அடிக்கடி நடக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நாங்கள் வற்புறுத்துவது ஒன்று. டி.பி.எஸ். கிடைத்தவர் தஞ்சம் கோரத் தகுதி இருக்கிறதா என்பதை அன்றே பார்த்துவிட வேண்டும். கடைசியாக அமெரிக்கா வந்து ஓராண்டுக்குள் தஞ்சக் கோரிக்கைப் படிவமான ஐ-589 தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. டி.பி.எஸ். நடப்பில் இருந்தது என்பதை அந்த ஓராண்டைத் தாண்டியதற்குக் காரணமாகக் காட்டலாம். ஆனால் அது முடிந்தபின் நியாயமான காலத்துக்குள் கொடுத்தால்தான் செல்லும். எத்தனை நாள் நியாயம் என்பதை அதிகாரிதான் முடிவு செய்வார். ஒரு முறைக்கு 6, 12 அல்லது 18 மாதம் என்றுதான் டி.பி.எஸ். அறிவிக்கப்படுகிறது. சோமாலியாவுக்கு 1991-இலும் சூடானுக்கு 1997-இலும் அறிவித்தது பல ஆண்டுகள் நீண்டது உண்மைதான். 2022-இல் வந்த ஆப்கானிஸ்தான் அறிவிப்போ 2025 ஜூலையில் முடிந்தது. நீட்டிப்பார்கள் என்று நம்பி இருப்பவர் அது முடியும் நாளில், சாட்சிகள் சிதறி, ஆவணங்கள் தொலைந்த நிலையில் தஞ்ச வழக்கைத் தொடங்க வேண்டியிருக்கும். நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்கும் டி.பி.எஸ். தானாக வழி திறக்காது. எல்லைச் சோதனை இல்லாமல் உள்ளே வந்தவர் டி.பி.எஸ். பெற்றதால் மட்டும் முறையாக அனுமதிக்கப்பட்டவர் ஆகமாட்டார் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

தஞ்ச அலுவலக நேர்காணலுக்கு ஆங்கிலம் பேசாதவர் தன் மொழிபெயர்ப்பாளரைத் தானே கூட்டிச் செல்ல வேண்டும். அவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். வழக்கறிஞரோ சாட்சியோ அந்த வேலையைச் செய்யக் கூடாது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது விதிக்காக மட்டும் தவிர்க்க வேண்டியதல்ல. பெற்றோர் பட்ட சித்திரவதையைப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது கொடுமை. பிள்ளை முன்னால் சொல்ல முடியாமல் பெற்றோர் விழுங்கிவிடும் அந்தப் பகுதிதான் பல வழக்குகளின் உயிர்.

இனி இப்படியொரு அறிவிப்பைச் செய்தியாக்கும்போது நான்கு தேதிகளையும் ஒரு சிறு பெட்டியில் போடுங்கள்: குடியிருப்புத் தேதி, நேரில் இருக்க வேண்டிய தேதி, பதிவின் கடைசி நாள், பாதுகாப்பு முடியும் நாள். நான்கும் அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டர் அறிவிப்பிலேயே இருக்கும். நீதிமன்றம் எதையாவது நிறுத்தி வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் போடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குடியேற்ற விண்ணப்பங்களுக்கு மொழிபெயர்ப்பு உதவி செய்யும் தன்னார்வலர்கள்