வேதியியலைத் தள்ளிப் போடாதே

கண்ணம்மா,

ஈர மண்ணைக் கட்டைவிரலால் நாடா மாதிரி நீட்டிப் பார்த்தே அதில் களிமண் எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்று நேற்று போனில் சொன்னாயே, அதை அப்பாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். திருவாரூரில் தாத்தாவும் மண்ணை உருட்டிப் பார்த்துத்தான் உழவுக்கு நாள் குறிப்பார். "அமெரிக்கா வந்தும் விவசாயமா?" என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எனக்குப் பெருமைதான்.

ஆனால் நீ அனுப்பிய ஆகஸ்ட் செமஸ்டர் பாடப் பட்டியலில் வேதியியல் இல்லை. போனில் சொன்னால் இருவருக்கும் குரல் உயரும், அதனால் எழுதுகிறேன்.

எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று காட்டுகிற அசிஸ்ட் இணையதளத்தில், உன் மொடெஸ்டோ இரண்டு வருஷக் கல்லூரிப் பாடங்களையும், நீ அதன் பிறகு மாறிப் போக நினைக்கிற யூசி டேவிஸின் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம்) தாவர அறிவியலையும் எதிரெதிரே வைத்து, அச்செடுத்து, மேசையில் விரித்துப் பார்த்தேன். பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், அதை முடித்தால்தான் கரிம வேதியியல், அது இன்னும் இரண்டு. ஒன்றைத் தாண்டி ஒன்றை எடுக்க முடியாது. இந்த ஆகஸ்டில் தொடங்கினால் நாலாவது செமஸ்டரில் முடித்துவிட்டு நேரே டேவிஸ் போகலாம். ஜனவரிக்குத் தள்ளினால் கடைசிப் பகுதி தொங்கும். டேவிஸில் படிப்பு வருஷத்தை மூன்றாகப் பிரிக்கிற குவார்ட்டர் முறை, உங்களுக்கு இரண்டாகப் பிரிக்கிற செமஸ்டர். தொடரைப் பாதியில் விட்டுப் போனால் மிச்சம் அங்கே ஒழுங்காகப் பொருந்தாது. ஒரு செமஸ்டர் சோம்பலுக்கு ஒரு வருஷம் போய்விடும்.

டிராக்டர் வகுப்பு உனக்கு எவ்வளவு ஆசை என்று தெரியும். எடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கால் ஸ்டேட் (மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகக் குழு) ஏற்றுக்கொள்ளும் விவசாயப் பாடங்கள் எல்லாவற்றையும் யூசி ஏற்றுக்கொள்ளாது. மாறிப் போக 60 யூனிட் (பாட மதிப்பு) சேர்ந்தால் போதும் என்று எண்ணிக்கையை மட்டும் பார்க்காதே. எந்த 60 என்பதுதான் கேள்வி. பொதுப் பாடங்களை அப்புறம் இடைவெளிகளில் நிரப்பிக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் 'டேக்' விண்ணப்பம், அதாவது நிபந்தனைகளை முடித்தால் யூசியில் இடம் உறுதி என்கிற ஏற்பாடு. அந்த ஒரு மாதம்தான் திறந்திருக்கும், ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். பெர்க்லி அதில் கிடையாது, டேவிஸ் உண்டு. அதற்குள் உன் கையில் 30 யூனிட்டாவது முடிந்திருக்க வேண்டும். வழக்கமான யூசி விண்ணப்பம் தனி, அதையும் மறக்காமல் போடு.

கால் ஸ்டேட்டைச் சேர்ந்த ஃபிரெஸ்னோ ஸ்டேட்தான் உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதையும் இப்போதே சொல். இரண்டு வருஷ டிரான்ஸ்ஃபர் பட்டத்தோடு போகிற அந்த வழியில் பாடத் திட்டமே வேறு. கோடையில் திராட்சைத் தோட்டம், பிப்ரவரியில் பாதாம் பூ என்று எல்லாம் பக்கத்திலேயே. நான் குறைவாக நினைக்க மாட்டேன். எது என்று முடிவு செய்யாமல் இரண்டுக்கும் நடுவில் பாடம் எடுப்பதுதான் எனக்குப் பயம்.

இந்த வாரமே கவுன்சிலரிடம் நேரம் வாங்கு. அசிஸ்ட் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போ. வேதியியலுக்கு முன்னால் கணக்குப் பாடம் ஏதாவது கேட்கிறார்களா என்பதை முதலில் கேள். ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்போடு வருகிறேன், என்ன சொன்னார்கள் என்று அப்போது சொல்.

அன்புடன்,
அம்மா