எரியாத பிளாஷும் இலவச ரசமட்டமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் நான், தைப்பூசக் காவடியைப் படம் எடுப்பதற்கென்றே இவ்வாண்டு ஒரு புதிய டிஜிட்டல் கேமரா வாங்கி, அதிலேயே அமைந்துள்ள பிளாஷ் எரியாமல் பட்ட பாட்டைத் தங்கள் இதழ் வழியாக மற்ற வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

வாங்கிய அன்று வீட்டில் எடுத்த படங்களில் பிளாஷ் குறையில்லாமல் எரிந்தது. கேமராவோடு கடைக்காரர் இலவசமாகத் தந்த சாமான்களில், கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தைச் சிறிதாக்கியது போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டும் இருந்தது. படம் சாய்ந்துவிடக் கூடாதென்று, கேமராவின் தலையில் வெளிப் பிளாஷைப் பொருத்துவதற்காக உள்ள உலோகத் தடத்தில் அதைச் செருகிக்கொண்டேன். காவடியன்று கோயில் மண்டபத்தில் இருட்டத் தொடங்கியபோது, மின்னல் குறி போட்ட பட்டனை எத்தனை முறை அழுத்தியும் பிளாஷ் தலை தூக்கவில்லை. காவடி இறக்கும் வேளையில் எடுத்த படங்களில் கற்பூரச் சுடரைத் தவிர வேறொன்றும் விழவில்லை.

மறுநாள் கடையில் இருந்த இளைஞர் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "பிளாஷ் போய்விட்டது, அங்கிள்" என்றார். சர்வீஸ் சென்டருக்குக் கேமரா மட்டும் போனால் போதும் என்று, வாரையும் ரசமட்டத்தையும் கழற்றி என் கையில் கொடுத்தார். கழற்றிய பிறகு இன்னொரு முறை அந்தப் பட்டனை அழுத்திப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. 22 நாட்கள் கழித்துக் கேமரா, "பழுது ஏதும் இல்லை" என்ற சீட்டோடும், சோதனைக் கட்டணமாக 450 ரேண்ட் கேட்கும் பில்லோடும் திரும்பி வந்தது. பணத்தைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து பழையபடி எல்லாவற்றையும் மாட்டினேன். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பழையபடியே பிளாஷ் எழவில்லை. கடைசியில் என் பேத்திதான், "தாத்தா, மேலே என்னமோ செருகியிருக்கே, அதை எடுத்துவிட்டுப் பாருங்க" என்றாள். எடுத்தவுடன் பிளாஷ் டக்கென்று எழுந்தது.

காரணம் எளியது. பல கேமராக்களில் அந்தத் தடத்தின் ஓரத்தில் கடுகளவு ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. வெளிப் பிளாஷைச் செருகும்போது அது அழுந்தும்; அது அழுந்தியிருக்கும் வரை, வெளிப் பிளாஷ் பொருத்தப்பட்டிருப்பதாகக் கொண்டு கேமரா தன் சொந்தப் பிளாஷை எழுப்பாது. அதை அழுத்தியது கடைக்காரர் தந்த இலவசப் பொருள். அது இல்லாமல் அனுப்பப்பட்ட கேமராவில் பழுது தெரியாமல் போனதற்கு சர்வீஸ் சென்டரைக் குறை சொல்லவும் முடியாது. சில சமயம் எதையும் செருகாதபோதும் தூசி புகுந்து அந்த ஸ்விட்ச் அழுந்தியபடியே நின்றுவிடுவது உண்டு. விபூதியும் சந்தனத் தூளும் பறக்கும் இடங்களில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையும் நம்மவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

வேறு காரணங்களும் உண்டு. இயற்கைக் காட்சிக்கான முறையிலோ, ஓசையில்லாமல் படமெடுக்கும் முறையிலோ பல கேமராக்களில் பிளாஷ் எரியாது. பேட்டரி தளர்ந்திருந்தாலும், அடுத்தடுத்து எடுத்ததில் பிளாஷ் சூடேறியிருந்தாலும் சற்றுப் பொறுக்க வேண்டும். எரிந்த பிளாஷையே எரியவில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இத்தகைய சிறிய பிளாஷின் திறன் எண், அதாவது ஒளி எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்கிட உதவும் எண், பல கேமராக்களில் 12 மீட்டரை ஒட்டியே இருக்கும். கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 100இல் வைத்து, லென்ஸ் துளையை 4 என்ற எண்ணில் திறந்தால், 12ஐ 4ஆல் வகுத்து வரும் 3 மீட்டர் வரையில்தான் ஒளி சரியாகச் சென்று சேரும். தீமிதியைக் கயிற்றுக்கு இப்பால் 20 மீட்டர் தூரத்தில் நின்று எடுத்துவிட்டுப் பிளாஷைத் திட்டுவதில் நியாயம் இல்லை. சாம்பிராணிப் புகைக்கு நடுவே எடுத்த படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிவதும் பழுதன்று, புகைத் துகளில் பட்டுத் திரும்பிய ஒளியே. ஆனால் இவை எதுவும் இல்லாமல் பிளாஷ் எரியவில்லையென்றால், திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டாம். பிளாஷுக்கான மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் ஏறி நிற்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உடனே இறங்கிவிடாது.

உண்மையான பழுதாக இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் நம் மக்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, பழுதுள்ள பொருளை வாங்கிய 6 மாதங்களுக்குள் கடைக்காரரின் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று தீர்மானிப்பவர் வாங்கியவரே, விற்றவர் அல்லர். பழுது பார்த்த பிறகு 3 மாதங்களுக்குள் மறுபடியும் கெட்டால், மாற்றித் தரவோ பணத்தைத் தரவோ வேண்டும். என் கேமராவில் பழுதே இல்லை என்பதால் இந்த உரிமையை நான் கோர முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, சோதனைக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி, வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பெறாமல் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றாலும், 10 நாட்களில் 450 ரேண்ட் என் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அதே கடையில் அதே கேமராவை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர், பிளாஷ் எரியவில்லை என்று ரசீதும் கையுமாக என்னிடம் வந்தார். கேமராவின் தலையில் அந்த ரசமட்டம் இருந்தது. பிளாஷை எழுப்பும்போது இதைக் கழற்றிவிடுங்கள் என்று ஒரு வரி அச்சிட்டு அந்தப் பெட்டிக்குள் போட அந்தக் கடைக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

இப்படிக்கு,
தங்கள் நெடுநாளைய வாசகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.