விண்விண், ஸுகிஸுகி

நிஷி-கசாய், டோக்கியோ
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த முறை அந்த 'நலம்' கொஞ்சம் தாமதமாக வந்த நலம். ஜனவரி கடைசியில் தொலைபேசியில் "லேசாகச் சளி" என்று சொன்னேனே, அது சளி இல்லை. சிறுநீரகக் கல். இப்போது விழுந்துவிட்டது, நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது மருந்து பற்றிய பத்தியை மட்டும் தாண்டிவிடுங்கள். ஏன் என்று அங்கே வந்ததும் உங்களுக்கே தெரியும்.

"மூன்று மாதம் அங்கே வந்து இருக்கும்போது உடம்புக்கு ஏதாவது வந்தால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது?" என்று கேட்டிருந்தீர்கள். என் கதையிலேயே பாதி விடை இருக்கிறது.

இரவு இரண்டு மணிக்கு இடது விலாவுக்குக் கீழே ஆரம்பித்தது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. 119-ஐ அழைத்தேன். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. அதற்குக் காசு கிடையாது. ஆனால் என்னை ஏற்றிக்கொண்ட பிறகும் வண்டி நகரவில்லை. இந்த ஊரில் எந்த மருத்துவமனை ஏற்றுக்கொள்ளும் என்று தொலைபேசியில் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகுதான் கிளம்புவார்கள். முதல் இரண்டு இடங்கள் கையை விரித்துவிட்டன. எங்கள் கட்டட வாசலிலேயே இருபது நிமிடம் சுருண்டு கிடந்தேன். அந்த இருபது நிமிடத்துக்காக இந்த நாட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாவது இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு நர்ஸ் வந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். அப்பா, ஆறு வருடமாக அலுவலகத்தில் ஜப்பானிய மொழி பேசுகிறேன். கூட்டத்தைத் தள்ளி வைக்கலாமா என்று பணிவாகக் கேட்க எனக்கு மூன்று விதமாகத் தெரியும். எப்படி வலிக்கிறது என்று சொல்ல ஒரு விதமாகவும் தெரியவில்லை. "இதாய், இதாய்" என்றேன். வலிக்கிறது, வலிக்கிறது. அது அவருக்கே தெரிந்ததுதானே!

அவர் உள்ளங்கையை விரித்து மூடி, விரித்து மூடி, "ஸுகிஸுகி?" என்றார். பிறகு முஷ்டியை மடக்கி, ஈரத்துணியைப் பிழிவது போல் திருகி, "கிரிகிரி?" என்றார். அந்த வலியிலும் உங்கள் எட்டாம் வகுப்பு கண்முன் வந்தது. 'சலசல', 'மடமட' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது" என்று பிரம்பால் மேசையைத் தட்டுவீர்களே, அதே இரட்டைக்கிளவி! "கிரிகிரி, கிரிகிரி" என்று நானும் முஷ்டியைத் திருகிக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. அடுத்த சில நிமிடங்களில் ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். நான்கு மில்லிமீட்டர் கல்.

வீட்டுக்கு வந்த பிறகு உங்களுக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஸுகிஸுகி என்றால் நம் விண்விண். தோல் திகுதிகு என்று எரிந்தால் ஹிரிஹிரி. மண்டையில் சம்மட்டி அடித்தால் காங்காங். நாம் 'கடுகடு' என்பதைக் கால் வலிக்கும் வைத்துக்கொண்டு, கோபக்காரர் முகத்துக்கும் வைத்துக்கொள்கிறோம். இவர்களிடமும் அந்தச் சிக்கனம் உண்டு.

இனி அம்மாவுக்குப் படிக்கக் கூடாத பத்தி. வலி நிற்கக் கொடுத்த மருந்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து பிரித்தால் 'உட்கார் மருந்து' என்று வருகிறது. உட்கார்ந்துகொண்டு விழுங்க வேண்டும்போல என்று தண்ணீர் கேட்டேன். மருந்துக் கடைக்காரர் முகம் மாறாமல் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். ஆசனவாயில் வைப்பதாம். இங்கே குழந்தைகளின் காய்ச்சலுக்குக்கூட அதைத்தான் தருகிறார்கள்.

செலவைக் கேட்பீர்கள். பதினான்காயிரம் யென், நம் காசுக்கு எட்டாயிரம் ரூபாய் அளவில். மொத்தத்தில் 30 சதவீதம்தான் நான் கட்டியது. மீதியைக் காப்பீடு பார்த்துக்கொள்கிறது. மாதத் தவணையில் பாதி சம்பளத்திலிருந்து, பாதி கம்பெனியிலிருந்து. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இத்தனை புள்ளி, புள்ளிக்கு 10 யென் என்று நாடு முழுவதற்கும் ஒரே விலைப்பட்டியல். ரசீதில் அதை வரி வரியாக அச்சிட்டுத் தருகிறார்கள். உங்கள் முழங்காலுக்கு ஒரு ஸ்கேன் எடுக்க மூன்று இடத்தில் மூன்று விலை கேட்டு அலைந்தோமே, அதை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இந்தக் குடை உங்களுக்குக் கிடையாது. 1961-லிருந்து இங்கே எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் தங்க அனுமதி பெற்ற வெளிநாட்டவருக்கும் உண்டு. உங்கள் விசாவோ சரியாக 90 நாள். காப்பீடு இல்லாத வெளிநாட்டவரிடம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்கும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. அதனால் பயணக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏற வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன தருவார்கள் என்ற பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மாத்திரை விஷயம் இன்னும் முக்கியம். மருத்துவர் சீட்டு மருந்து ஒரு மாதத்துக்கு மட்டும்தான் கேள்வியில்லாமல் கொண்டுவரலாம். மூன்று மாதத்துக்குக் கொண்டுவர முன்கூட்டியே இங்கே சுகாதார அமைச்சகத்திடம் 'யுன்யு ககுனின்ஷோ' என்ற சான்று வாங்க வேண்டும். நான் விண்ணப்பிக்கிறேன், உங்கள் இருவரின் மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் தெளிவாகப் படம் எடுத்து இந்த வாரமே அனுப்புங்கள். மூக்கடைப்புக்கு அம்மா போடும் மாத்திரை வேண்டாம். அந்த வகை மாத்திரைகளில் சேர்க்கும் சூடோஎபெட்ரின் என்ற மருந்துப் பொருள் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இங்கே தடை. விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இங்கே வந்து ஏதாவது என்றால் முதலில் தெரு முனைக் கிளினிக்தான். அவர்கள் தரும் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போனால் குறைந்தது 7,000 யென் தனியாகக் கட்டவேண்டி வரும். நகர நிர்வாகத்துக்கு 'ஹிமாவாரி' என்று ஒரு தொலைபேசிச் சேவை இருக்கிறது. ஆங்கிலம், சீனம், கொரியம், தாய், ஸ்பானிஷ் என்று ஐந்து மொழியில் எந்த மருத்துவரிடம் போகலாம் என்று சொல்வார்கள். தமிழ் இல்லை. அதற்கு நான் இருக்கிறேன்.

கல் என்று தெரிந்ததும் அம்மா வாழைத்தண்டைப் பெட்டியில் வைக்கப் பார்ப்பாள். தாவரச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொல்லுங்கள். தினம் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன் என்றும் சொல்லுங்கள்.

நோட்டில் ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது. 'ஷிகுஷிகு'. வயிறு பெரிதாக வலிக்காமல், ஆனால் விடாமல், மெல்ல வலித்துக்கொண்டே இருப்பது. சத்தம் காட்டாமல் தேம்பி அழுவதற்கும் இவர்களுக்கு அதே சொல்தான். இதற்குத் தமிழில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. யோசித்து, படங்களோடு சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்