குளிர் நடுக்கம் என்று நினைத்தோமே, அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

போன மாதம் பூண்டுக் காட்டில் நீங்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. "குளிர்தான், வேறொன்றுமில்லை" என்றீர்கள். நானும் நம்பிச் சால்வையைப் போர்த்தினேன். அப்போதுதான் உங்கள் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது கையில் பட்டது. பூம்பாறைக் குளிரில் சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு வேர்க்குமா? கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்து சர்க்கரை பார்க்கிற மீட்டரில் பார்த்தால் 58.

அங்கேயே உங்கள் வாயில் சர்க்கரையைப் போட்டிருக்க வேண்டும். அந்த ஏற்றத்தில் உங்களை நடக்க வைத்தது என் தப்பு. ஊரில் சுகர் மாத்திரை போடுகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீங்கள் சம்மதித்ததால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அன்று காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒரு டம்ளர் கட்டங்காப்பியோடு காட்டுக்கு இறங்கிவிட்டீர்கள். உங்கள் மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதன்மேல் 3 மணி நேரம் களைக்கொத்து பிடித்த வேலை. இருந்த கொஞ்சம் சர்க்கரையையும் தசை இழுத்துக்கொண்டது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி எல்லாம் அதன் அடையாளம். மலையில் இருக்கிற நமக்கு நடுக்கம் என்றால் குளிர்தான் முதலில் ஞாபகம் வருகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மீட்டர் வீட்டில் இருந்தும் நீங்கள் அதை எடுப்பது மாதம் ஒரு தடவை, டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று. அதுவும் முதல் நாள் இரவு ஒரே ஒரு இட்லியோடு நிறுத்திக்கொண்டு! காலையில் 118 வரும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்குச் சொல்லும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை 8.6 என்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்படியென்றால் சராசரி ஏறக்குறைய 200. ஒரு நாள் பத்தியத்தில் அது குறையாது. அத்தை, மீட்டர் டாக்டருக்குக் காட்டுவதற்கு மட்டும் இல்லை. அன்றைக்குக் காட்டுக்கு இறங்கலாமா, சாப்பிட்டுவிட்டுப் போகணுமா என்று உங்களுக்குச் சொல்வதற்குத்தான் முதலில் அது.

வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை பாருங்கள். சில நாள் மதியம் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பாட்டுக்குப் பின் 180க்குள் என்று சொல்வார்கள். உங்கள் வயதுக்கு எது போதும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம். நடுக்கம் வந்தால் மட்டும் நேரம் காலம் பார்க்க வேண்டாம், உடனே குத்திப் பாருங்கள்.

விரல் விறைத்து ரத்தம் வராது என்பீர்கள். உண்மைதான். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைச் சற்று நேரம் தொங்கவிட்டு விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். நடுவில் குத்தினால்தான் வலி அதிகம். கழுவுவது சூட்டுக்காக மட்டும் இல்லை. பழனியிலிருந்து பஞ்சாமிர்தம் வந்த அன்று 312 என்று காட்டி வீடே கலங்கியதே! கையைக் கழுவிவிட்டுப் பார்த்தால் 148. விரலில் ஒட்டியிருந்ததைத்தான் மிஷின் அளந்திருக்கிறது.

அடுத்தடுத்துக் குத்தி 142, 155 என்று வந்தால் மிஷின் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். நல்ல மீட்டரிலும் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கும். ரத்தச் சொட்டு வைக்கிற ஸ்ட்ரிப்பை அதன் டப்பாவை விட்டு வேறெதிலும் வைக்காதீர்கள். எடுத்ததும் மூடிவிடுங்கள், இங்கே ஈரம் எதையும் விடாது. மார்கழிக் காலையில் மிஷின் எண்ணுக்குப் பதில் எரர் காட்டினால் அதற்கும் குளிர்கிறது என்று அர்த்தம். பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. அறைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம், மடியில் நீங்கள் முடிந்து வைத்திருக்கும் கொடைக்கானல் சாக்லேட். அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்தில் விடும். அவசரத்துக்கு 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியபின் எதையாவது சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108க்குப் போன் பண்ண வேண்டும். இதைப் பக்கத்துக் காட்டுக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். சர்க்கரை போட்டு வைக்க மூடி இறுகலான சின்ன டப்பா ஒன்றும், எழுதிவைக்க ஒரு நோட்டும் வாங்கியிருக்கிறேன். மாத்திரையைச் சாப்பாட்டோடு எப்போது எடுப்பது என்று திங்கட்கிழமை நாம் இருவரும் சேர்ந்தே போய் டாக்டரிடம் கேட்டுவிடுவோம். அதுவரைக்கும் வெறும் வயிற்றோடு காட்டுக்கு இறங்காதீர்கள், அத்தை.