மாடல் எண்ணின் வாலில் ஒரு வசனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் கிடங்கில் சரக்குச் சரிபார்த்து ஓய்வுபெற்றவன். எண்ணிக்கை பார்ப்போம், கீறல் பார்ப்போம். பொருளின்மேல் பொறித்த எண்ணைக் கடைசி எழுத்துவரை வாசிப்பவர் அபூர்வம். அமெரிக்காவிலும் அப்படித்தான் நடந்தது. மிச்சிகனின் டிரிஜிகான் நிறுவனம் ராணுவத்துக்கு விற்ற துப்பாக்கிக் குறிநோக்கிகளில் (குறிபார்க்கத் துப்பாக்கிமேல் பொருத்தும் கருவி), மாடல் எண்ணோடு ஒட்டி ‘ஜேஎன்8:12’ என்று பொடி எழுத்தில் பொறித்திருந்தது. அதாவது பைபிளில் யோவான் எட்டாம் அதிகாரம், 12ஆம் வசனம். இன்னொன்றில் இரண்டாம் கொரிந்தியர் 4:6. இரண்டுமே ஒளியைப் பற்றியவை. இருட்டில் ஒளிரும் கருவிக்குப் பொருத்தம் என்று நினைத்தார்கள் போலும்!

2010 ஜனவரியில் ஏபிசி தொலைக்காட்சி இதை வெளிக்கொண்டுவந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் மதப் பிரசாரம் கூடாது என்று அந்த ராணுவத்திலேயே அப்போது உத்தரவு இருந்தது. அங்கே போரிடப் போனவர்களின் துப்பாக்கியில் பைபிள் வசன எண். ‘இது முஸ்லிம்கள்மேல் தொடுத்த சிலுவைப்போர்’ என்று சொல்லி ஆள் திரட்டிய தாலிபானுக்கு வேறென்ன வேண்டும்? செய்தி வந்த சில நாட்களிலேயே நிறுவனம் அப்படிப் பொறிப்பதை நிறுத்திக்கொண்டது. ஏற்கெனவே விற்றவற்றில் அந்த எழுத்துகளை அழிப்பதற்கான கருவிகளையும் தருவதாகச் சொன்னது.

2019இல் ரஃபேல் போர் விமானத்தில் நாமும் குங்குமத்தால் ‘ஓம்’ எழுதி, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தோம். எனக்கு அதுவும் உறுத்தியது. ஆனால் அது கேமரா முன்னால் நடந்தது, ஊரே விவாதித்தது. குங்குமம் கழுவினால் போய்விடும். விற்பவர் தன் நம்பிக்கையை எண்ணுக்குள் பொறித்து அனுப்புவது வேறு. நம் ராணுவக் கொள்முதல் ஒப்பந்தங்களில் இதைத் தடுக்க ஒரு விதி சேர்க்கட்டும்.

ஒரு வாசகர்,
ஆவடி