சேரும் என்று எழுதிக் கொடுத்த மதர்போர்டு சேரவில்லை: புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன மாதம் தம்பிக்காக ஒரு கேமிங் கம்ப்யூட்டருக்கான பாகங்கள் மொத்தத்தையும் உங்கள் தளத்தில் ஒரே ஆர்டரில் வாங்கினேன். ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), கேபினெட் எல்லாம் சேர்த்து 46,800 ரூபாய். பில்லையும் வாட்ஸ்அப் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

நான் முதலில் எடுத்து வைத்திருந்தது பி450-க்கு அடுத்து வந்த பி550 போர்டு. பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு முழு லிஸ்டையும் அனுப்பி, இதெல்லாம் ஒன்றோடொன்று சேருமா என்று கேட்டேன். உங்கள் ஆள் எழுதிய பதில் இது: "பி450 போதும் சார், ரெண்டும் ஏஎம்4 சாக்கெட்தான், எல்லாம் சேரும், 2,500 மிச்சம்." அதை நம்பித்தான் மாற்றினேன். சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம், ஒன்றுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிராசசர் சாக்கெட்டில் உட்காருவது வேறு, போர்டு அதை அடையாளம் கண்டுகொள்வது வேறு. பி450 போர்டுகள் 2018இல் வந்தவை, 5600 வந்தது 2022 ஏப்ரலில். பழைய ஸ்டாக் போர்டாக இருந்தால் புது பயாஸ் (போர்டைத் துவக்கி இயக்கும் உள் மென்பொருள்) ஏற்றினால்தான் 5600 அதில் வேலை செய்யும். இதையே தொழிலாக விற்கிற உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், தெரிந்திருந்தால் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் தம்பியும் உட்கார்ந்து பொறுமையாக அசெம்பிள் செய்தோம். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. ரேமைக் கழற்றி ரப்பரால் துடைத்துப் போட்டோம், ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தோம், ஸ்லாட் மாற்றினோம், கேபிள் மாற்றினோம், பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் கிராஃபிக்ஸ் கார்டு இரவல் வாங்கி வந்து போட்டோம். 5600-இல் உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால் கார்டைக் கழற்றிவிட்டுச் சோதிக்கவும் வழியில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு தம்பி, "நான்தாண்ணே எதையோ தப்பா மாட்டிட்டேன்" என்று சொன்னான். அவன் எதையும் தப்பாக மாட்டவில்லை.

மறுநாள் முதல் உங்களுக்குப் போன் செய்தேன். முதல் ஆள் ரேம் சரியாக உட்காரவில்லை என்றார். இரண்டாவது ஆள் எஸ்எம்பிஎஸ் என்றார். மூன்றாவது ஆள், பிராசசரை மாட்டும்போது நீங்கள் அதன் அடியில் இருக்கும் மெல்லிய பின்னை வளைத்திருப்பீர்கள், அது உங்கள் சேதம், வாரண்டி கிடையாது, பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பியும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பொருளைப் பார்க்கவே இல்லை. ஒரு போட்டோ கூடக் கேட்கவில்லை. எனக்கு அதிகம் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

அப்புறம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு விருதுநகரிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போனேன். அங்கே ஒரு சர்வீஸ்காரர் கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றித் தூக்கினார், தெர்மல் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் கூடவே வந்துவிட்டது. எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்த்தார், ஒரு பின் கூட வளையவில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன். பிறகு தன்னிடம் இருந்த பழைய ரைசன் 3 2200ஜி-யை அதே போர்டில் போட்டார், ஒரு நிமிடத்தில் டிஸ்ப்ளே வந்தது. திரையில் பயாஸ் தேதி 2019. அவர் மதர்போர்டு பெட்டியைத் திருப்பி ஒரு ஓரத்தைக் காட்டினார்: "ரைசன் 3000 டெஸ்க்டாப் ரெடி" என்று ஸ்டிக்கர். 5600 இருப்பதோ 5000 வரிசையில். அதாவது நீங்கள் பேக் செய்த பெட்டியின் மேலேயே விஷயம் ஒட்டியிருக்கிறது, 5600 பெட்டியை அதன் பக்கத்தில் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

பென் டிரைவில் புது பயாஸை ஏற்ற அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. 5600-ஐத் திரும்ப மாட்டியதும் வேலை செய்தது. இந்த போர்டில் பிராசசர் இல்லாமலேயே பயாஸ் ஏற்றும் பொத்தான் கிடையாது, அதனால் வீட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்தும் இது சரியாகியிருக்காது. சர்வீஸுக்கு 800, போக வர, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய் செலவு. தம்பிக்கு இடையில் பதினொரு நாள் போய்விட்டது.

கம்ப்யூட்டர் ஓடுகிறதே, இன்னும் என்ன புகார் என்று கேட்பீர்கள். 6500 எக்ஸ்டி கார்டுக்கு போர்டோடு தகவல் போய்வர நான்கு லேன், அதாவது நான்கு பாதைதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டையும் போர்டையும் இணைக்கும் வழி) 4.0 உள்ள பி550-இல் போட்டால் அது போதும். பி450-இல் இருப்பது 3.0, அதனால் அதே நான்கு லேனில் வேகம் பாதியாகிவிடுகிறது. கார்டில் இருப்பதோ 4 ஜிபி மெமரி, அது நிறைந்த பிறகு கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. லிஸ்டில் இந்தக் கார்டும் இருந்தது, அதைப் பார்த்துதான் உங்கள் ஆள் "எல்லாம் சேரும்" என்றார். 2,500 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகச் சொன்னது, 14,000 ரூபாய் கார்டைப் பாதி வழியில் நிறுத்திவிட்டது.

எனக்கு வேண்டியது இதுதான். இந்த பி450 போர்டை எடுத்துக்கொண்டு பி550 கொடுங்கள், வித்தியாசம் 2,500-ஐ நானே கட்டுகிறேன், சும்மா கேட்கவில்லை. செலவான 1,150-ஐத் திருப்பித் தாருங்கள். அப்புறம், உங்கள் தளத்தில் அந்த போர்டுக்கான பக்கத்தில் 5000 வரிசை பிராசசருக்கு பயாஸ் அப்டேட் தேவைப்படலாம் என்று பெரிதாக எழுதுங்கள், இரண்டையும் ஒன்றாக வாங்குகிறவர்களுக்கு நீங்களே ஏற்றி அனுப்புங்கள்.

பிரித்த பொருளை எடுக்க மாட்டோம் என்ற பதிலை மறுபடி அனுப்ப வேண்டாம். சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 இ-காமர்ஸ் விதிகளிலேயே இருக்கிறது. புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. அதற்குள் நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

போர்டின் பெட்டி, பின்பக்கத் தகடு, ஸ்க்ரூ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. கூரியர் ஆள் எந்த நாளில் வருவார் என்று மட்டும் சொல்லுங்கள், முந்தின நாள் கழற்றி வைக்கிறேன்.

இப்படிக்கு,
விருதுநகரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்